சதுப்பில் முடியும் சங்கிலி

பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் நோக்கிச் செல்லும் ரேடியல் சாலையில் விடியற்காலையில் பிரயாணம் செய்கிறவர், பள்ளிக்கரணைச் சதுப்பின் ஆழமற்ற நீரில் அசையாமல் நிற்கும் நாரைகளையும், பருவத்தில் வந்து தங்கும் பூநாரைகளையும், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக வளர்ந்து இப்போது யந்திரங்களால் அகழ்ந்து பிரிக்கப்பட்டு வரும் பெருங்குடிக் குப்பைமேட்டையும் அருகருகே காண்கிறார். அந்த மேட்டைப் பார்த்த மாத்திரத்தில் மூக்கைப் பொத்திக்கொள்வது மனித சுபாவம். ஆயினும் விஞ்ஞான நூலை வாசிக்க வந்தவர்கள் சற்றே பொறுத்து, அது எதனால் ஆனது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நமது நாட்டு நகரங்களின் குப்பையில் ஏறத்தாழப் பாதி ஈரக் கழிவு. அதாவது, காய்கறித் தோல், வாடிய கீரை, அழுகிய தக்காளி, மிஞ்சிய சோறு. எங்கோ ஒரு சிறு குடியானவர் தம் அரைக்காணி நிலத்தில் நீர் பாய்ச்சி, உரமிட்டு, வெயிலில் நின்று பறித்து அனுப்பிய பொருளின் ஒரு பகுதி, உண்ணப்படாமலேயே இங்கே வந்து சேர்கிறது. வயலில் தொடங்கும் ஒரு நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி இந்தச் சதுப்பில் புதைந்து கிடக்கிறது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு, அந்தச் சங்கிலியைப் பின்னோக்கிப் பற்றிச் செல்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

பெருங்குடி என்னும் பெயரிலேயே குடி இருக்கிறது. ஏரியும் வயலுமாக இருந்த ஊர், 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. இன்று அதன் பிரதான சாலை நெடுகக் கண்ணாடி மாளிகைகளில் கணிப்பொறி உத்தியோகம் நடக்கிறது. தாம் உண்ணும் ஒரு கைப்பிடிக் கீரையைக்கூடத் தாமே விளைவிக்காத பல்லாயிரம் பேர் வாழும் இடமாக அது மாறிவிட்டபடியால், சங்கிலியை நம்பி வாழ்வது என்றால் என்ன என்பதை விளக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

சங்கிலியின் மறுமுனையில் இருப்பவர் யார்? 2015-16-ஆம் ஆண்டின் விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடியாளரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. சாகுபடியாளர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சிறு, குறு விவசாயிகள். இந்த நிலைமை நமக்கு மாத்திரம் உரியதன்று. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளிலும் உணவைப் பெரும்பாலும் விளைவிப்பவர்கள் இத்தகைய சிறு நிலக்காரர்களே. அக்கண்டத்தோடு நமக்குள்ள உறவு வேறொரு வகையிலும் நெருங்கியது. நம் முன்னோரின் உணவு என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கேழ்வரகு கிழக்காப்பிரிக்க மேட்டு நிலங்களில் மனிதன் கைவசப்படுத்திய தானியம். சோளத்துக்கும் தட்டைப்பயறுக்கும் அதே கண்டந்தான் பிறந்தகம். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்த அந்த விதைகள் இரு நிலங்களிலும் ஒரே வகையான மக்களின் கைகளில், ஒரே வகையான கஷ்டங்களுக்கு நடுவே வளர்ந்து வருகின்றன. ஆகையால் ஆப்பிரிக்கச் சிறு விவசாயியின் சரக்கு சந்தைக்குப் போய்ச் சேரும் வழியைச் செம்மைப்படுத்துவது எப்படி என்று உலகம் விசாரிக்கும்போது, அந்த வினா நம்முடையதும் ஆகிறது.

முதலில் தக்காளியை எடுத்துக்கொள்வோம். செடியிலிருந்து பறித்த கணத்தில் காய் இறந்துவிடுகிறது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மை அப்படியன்று; பறித்த காயும் சுவாசிக்கிறது. காற்றிலுள்ள பிராண வாயுவை உட்கொண்டு, தன்னுள் சேமித்த சர்க்கரையைச் சிறிது சிறிதாக எரித்து, கரியமில வாயுவையும் நீரையும் உஷ்ணத்தையும் வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. செடியில் இருந்தவரையில் வேரும் இலையும் அந்தச் செலவை ஈடுசெய்தன. பறித்த பின்போ வரவு நின்றுபோய்ச் செலவு மட்டும் தொடர்கிறது. முதல் கரையும் வேகத்தை நிர்ணயிப்பது உஷ்ணநிலை. பத்து டிகிரி கூடினால் சுவாசத்தின் வேகம் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு ஆகிறது என்பது ரசாயன சாஸ்திரத்தின் பொது விதி. காலை ஆறு மணிக்குப் பறித்து மரநிழலில் வைத்த தக்காளிக்கும், நண்பகலில் பறித்து வரப்பிலேயே வெயிலில் கிடந்த தக்காளிக்கும் விலையில் வித்தியாசம் தெரியாது, ஆயுளில் தெரியும். வயலில் காய் ஏற்றுக்கொண்ட அந்தச் சூடு, லாரியில் அடுக்கிய பெட்டிகளின் நடுவே வெளியேற வழியின்றித் தங்கி, இரவெல்லாம் பிரயாணம் செய்யும் சரக்கை உள்ளிருந்தே முதுமை அடையச் செய்கிறது.

இதனுடன் இன்னொரு காரியமும் நடக்கிறது. கனியத் தொடங்கிய தக்காளி எதிலீன் என்னும் வாயுவை மிக நுண்ணிய அளவில் வெளியிடுகிறது. அந்த வாயு பட்ட அண்டைக் காய்களும் கனியத் தொடங்கி, தாமும் அதையே வெளியிடுகின்றன. வாழைத்தாரைக் குழியிலோ அறையிலோ அடுக்கிப் புகை மூட்டம் போட்டுப் பழுக்கவைத்த நம் பாட்டிமார் எதிலீன் என்ற பெயரைக் கேட்டதில்லை. ஆனால், அவர்கள் போட்ட வைக்கோல் புகையில் இருந்து காரியம் செய்தது அந்த வாயுவே. பழுக்கவைக்கும் அறையில் உபகாரமாக இருந்த அதே சக்தி, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் லாரியில் அபகாரமாகிறது. மதனப்பள்ளியிலிருந்தும் கோலாரிலிருந்தும் சென்னைக்கு வரும் வண்டியில், நசுங்கிய ஒரு பழம் தன் பெட்டியையும், அந்தப் பெட்டி தன் வரிசையையும் கெடுத்துவிடும். லூதியானாவிலுள்ள மத்திய அறுவடைப்பின் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 2015-இல் வெளியிட்ட கணக்கின்படி, நம் நாட்டில் விளையும் தக்காளியில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்குச் சற்று மேல் அறுவடைக்கும் விற்பனைக்கும் இடையிலேயே நஷ்டமாகிறது. எட்டில் ஒரு பெட்டி என்று சொன்னால் வாசகருக்கு விளங்கும். அந்த எட்டாவது பெட்டிக்கும் தண்ணீர் பாய்ந்தது. அதற்கும் உரம் இட்டார்கள். அதற்கும் டீசல் எரிந்தது.

இதற்குப் பரிகாரம் குளிர்சாதனக் கிடங்கு என்று உடனே சொல்லிவிடலாம். நாட்டில் கிடங்குகள் பல உண்டு. ஆனால் அவற்றின் கொள்ளளவில் பெரும்பகுதி உருளைக்கிழங்குக்கே பயன்படுகிறது. மேலும், அவை இருக்கும் இடம் பெரும்பாலும் சங்கிலியின் நடுவிலோ முடிவிலோதான். பறித்த முதல் சில மணி நேரத்தில் சூட்டை இறக்காத காயைப் பிற்பாடு எவ்வளவு குளிர்ந்த அறையில் வைத்தாலும், அதன் இழந்த ஆயுள் திரும்புவதில்லை. கிடங்கு வயலுக்கு அருகே வர வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்த விரும்பும் ஒரே கருத்து. இதுவரை சொன்னதும் இனிச் சொல்லப்போவதும் அதற்கு உதாரணங்களே.

வடக்கு நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் இருந்தார். பானை செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். ஒரு மண்பானைக்குள் இன்னொரு சிறிய மண்பானையை வைத்து, இடைவெளியை மணலால் நிரப்பி, மணலில் நீர் தெளித்து, மேலே ஈரத்துணியால் மூடிவிட்டால், உள்ளே வைத்த காய்கறி பல நாள் வாடாமல் இருக்கும் என்பதைத் தம் ஊர் மக்களுக்குச் செய்து காட்டி, ஆயிரக்கணக்கில் அந்தப் பானைகளை விநியோகித்தார். 2000-ஆம் ஆண்டில் அவருக்கு ரோலக்ஸ் பரிசு கிடைத்தது. இதில் உள்ள சாஸ்திரம் கோடைகாலத்தில் மண்பானைத் தண்ணீர் குடித்த ஒவ்வொருவருக்கும் அநுபவத்தில் தெரிந்ததுதான். ஒரு கிலோகிராம் நீரைப் பனிக்கட்டியின் சூட்டிலிருந்து கொதிநிலை வரை ஏற்றுவதற்கு வேண்டிய உஷ்ணத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல், அதே நீர் ஆவியாக மாறுவதற்கு வேண்டும். பானையின் மேற்புறத்தில் ஆவியாகும் நீர் அவ்வளவு உஷ்ணத்தையும் பானையிடமிருந்தே பறித்துக்கொள்கிறது. டில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் 1980-களில் உருவாக்கிய குளிர்ப்பெட்டகமும் இதே தத்துவத்தில் அமைந்தது: செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவே ஆற்றுமணலைக் கொட்டி, காலையும் மாலையும் நனைத்துவிட்டால், மின்சாரம் ஒரு துளியும் இன்றிச் சுமார் நூறு கிலோ காய்கறியை அதில் வைக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆவியாகும் வேகம் சுற்றிலும் உள்ள காற்றின் வறட்சியைப் பொறுத்தது. பெருங்குடியில், கடலுக்கும் சதுப்புக்கும் இடையே, வியர்வையே உலராத ஆடி மாதப் புழுக்கத்தில் இந்தப் பெட்டகம் அதிகம் உதவாது. காய்கறி விளையும் ஒட்டன்சத்திரத்தின் வறண்ட பங்குனி வெயிலில் அது நன்றாக உதவும். காய் விளையும் இடத்தில் பலிக்கும் எளிய உபாயம் காய் விற்கும் இடத்தில் பலிக்காது என்பதால், அதை எங்கே செய்யவேண்டும் என்று பிரகிருதியே நமக்குச் சொல்லிவிடுகிறது. ஈரம் மிகுந்த பிரதேசங்களுக்கு வேறு வழி வேண்டும்; நைஜீரியாவிலேயே கோல்டு ஹப்ஸ் என்ற நிறுவனம் சூரிய சக்தியால் இயங்கும் சிறு குளிரறைகளைச் சந்தைகளின் வாசலிலும் பண்ணைகளின் அருகிலும் நிறுவி, பெட்டிக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிறது. விவசாயி அறையை வாங்க வேண்டியதில்லை. தம் பெட்டி இருக்கும் நாளுக்குப் பணம் கொடுத்தால் போதும்.

கோயம்பேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கொத்தவால் சாவடியின் நெரிசலைத் தீர்க்க 1996-இல் திறந்த அந்தப் பெருஞ்சந்தை நகரத்துக்குப் பேருபகாரம் செய்திருக்கிறது. ஆனால் ஒரே முடிச்சில் ஊர் முழுவதன் உணவையும் கட்டிவைப்பதில் உள்ள அபாயம் 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரத்தியட்சமாயிற்று. நோய்த்தொற்று பரவியதால் சந்தையை மூடி, திருமழிசையில் தற்காலிகச் சந்தை அமைத்தார்கள். செப்டம்பர் இறுதியில்தான் கோயம்பேடு மீண்டும் படிப்படியாகத் திறந்தது. அந்த மாதங்களில் விளைந்த காய்க்குக் கேட்பாரில்லாமல் விவசாயியும், கிடைத்த காய்க்கு விலை தாளாமல் நகரவாசியும் ஒரே சமயத்தில் துன்பப்பட்டார்கள். 1999-ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கிய உழவர் சந்தை அந்த முடிச்சைச் சிறிது தளர்த்திய முயற்சி. இடைத்தரகர் இன்றி விவசாயியே தராசைப் பிடிக்கும் அந்த ஏற்பாடு, அருகிலுள்ள கிராமங்களிலிருந்து அதே காலையில் பறித்த காயைக் கொண்டுவருவதால், விலையோடு காலத்தையும் மிச்சப்படுத்துகிறது. அதன் விஞ்ஞானப் பெருமை இதுவரை போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இனி, பெருங்குடிக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள தரமணிக்குப் போவோம். உலக உணவுப் பரிசை முதன்முதலாக 1987-இல் பெற்ற எம். எஸ். சுவாமிநாதன், அந்தப் பரிசுத்தொகையைக் கொண்டு 1988-இல் தொடங்கிய ஆராய்ச்சி ஸ்தாபனம் அங்கே இருக்கிறது. கோதுமையிலும் நெல்லிலும் பசுமைப் புரட்சியை நடத்திய அதே மனிதர், பிற்காலத்தில் மண்ணையும் நீரையும் அழிக்காமல் விளைச்சலைப் பெருக்கும் வழியைத் தேடினார். அந்தத் தேட்டத்தின் ஒரு கிளை, 1990-களில் கொல்லிமலைக்குச் சென்றது.

வல்வில் ஓரியின் மலை என்று சங்க நூல்களால் நாம் அறிந்த கொல்லிமலை, நாமக்கல் மாவட்டத்தில், எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கிறது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு முதலிய சிறுதானியங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வந்தவர்கள். ஒரே தானியத்தில் பல ரகங்களை, இது முன்மழைக்கு, இது கல்லாங்காட்டுக்கு, இது மேட்டுச் சரிவுக்கு என்று பிரித்துக் காத்தவர்கள். அப்படியிருந்தும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்த வயல்கள் சுருங்கிக்கொண்டே போயின. அவற்றின் இடத்தை மரவள்ளி பிடித்துக்கொண்டது. ஏன்? மண் மாறவில்லை, மழையும் பெரிதாக மாறவில்லை. மாறியது சங்கிலி. சேலத்திலும் நாமக்கல்லிலும் ஜவ்வரிசி ஆலைகள் நாற்பதுகளிலிருந்து வளர்ந்தன. ஆலைக்காரரின் லாரி மலைமேல் ஏறி வந்து கிழங்கை எடைபோட்டு எடுத்துச்சென்று பணம் கொடுத்தது. 1981-இல் அந்த ஆலைகளுக்குச் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கமும் ஏற்பட்டது. சாமைக்கோ லாரியும் இல்லை, ஆலையும் இல்லை, சங்கமும் இல்லை. வயலில் என்ன விளைய வேண்டும் என்பதை விவசாயி தீர்மானிப்பதாக நாம் நினைக்கிறோம். அறுவடைக்குப் பின் அந்தப் பொருள் எந்த வழியாக எவ்வளவு சுலபமாகப் போகும் என்பதே உண்மையில் தீர்மானிக்கிறது.

சாமைக்கு இருந்த தடை மிகச் சிறியது. கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் குனிந்து பார்க்க வேண்டும். கேழ்வரகைத் தாளடித்தால் உமி எளிதில் கழன்றுவிடும். சாமை, தினை, வரகு ஆகியவற்றில் உமி விதையை இறுகக் கவ்விக்கொண்டிருக்கும்; வரகில் அது பல அடுக்காகவே இருக்கும். நெல்லை அரைக்கும் ரப்பர் உருளை யந்திரத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள இந்த மணிகளை இட்டால், ஒன்று உமி நீங்காமல் வெளிவரும், அல்லது மணியே நொறுங்கும். ஆகவே, வீட்டுப் பெண்களே உரலில் இட்டுக் குத்தினார்கள். ஒரு வேளைச் சோற்றுக்காக வியர்த்து விறுவிறுக்க உலக்கை பிடிக்கும் அந்தத் தாய்க்கு, நியாய விலைக் கடையில் தீட்டிய அரிசி கிடைக்கத் தொடங்கியபின், சாமையின் சத்தைப்பற்றிப் பிரசங்கம் செய்வது எவ்வளவு அநியாயம் என்பதை நகரத்தில் இருந்துகொண்டு சிறுதானியப் பெருமை பேசுகிற நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். மக்கள் தங்கள் பாரம்பரிய உணவைக் கைவிட்டார்கள் என்று குறை சொல்கிறோம். அவர்கள் கைவிட்டது உலக்கையை.

சுவாமிநாதன் ஸ்தாபனத்தார் இதைச் சரியாகக் கண்டுகொண்டார்கள். விதையைக் காக்கக் கிராம விதை வங்கிகள் அமைத்ததோடு நில்லாமல், உமி நீக்கும் சிறு யந்திரங்களை மலைமேலேயே நிறுவி, மகளிர் சுய உதவிக் குழுக்களின் கையில் ஒப்படைத்தார்கள். இந்த யந்திரத்தில் தானியம் வேகமாகச் சுழலும் தட்டினால் வீசப்பட்டுச் சுற்றுச்சுவரில் மோதும். அந்த மோதலில் உமி பிளந்து விலகும். ஊதும் காற்று உமியை அடித்துச் செல்லும். மாவும் சத்துக் கலவையும் செய்து அவர்களே பொட்டலமிட்டு விற்றார்கள். இவ்வேற்பாட்டில் இன்னொரு நுட்பமும் அடங்கியிருக்கிறது. உமியோடு இருக்கும் சாமை பல ஆண்டுகள் கெடாது. உமி நீங்கியதும், தவிட்டிலுள்ள எண்ணெய் காற்றோடு சேர்ந்து, நாளடைவில் காறல் வாடை அடிக்கத் தொடங்கும். ஆகையால் பெரிய ஆலையில் மொத்தமாக அரைத்து மாதக்கணக்கில் அடுக்கிவைப்பதைவிட, உமியோடு சேமித்து வேண்டும்போது வேண்டிய அளவு மட்டும் அரைப்பதே இத்தானியத்துக்கு உகந்தது. சிறு யந்திரம் பெரிய யந்திரத்துக்கு ஏழையின் மாற்று என்று எண்ணலாகாது. இந்த மணிக்கு அதுவே சாஸ்திரப்படி சரியான யந்திரம். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு முன்பே இந்த வேலை கொல்லிமலையில் தொடங்கிவிட்டது.

அந்த மலையில் சாமையை விரட்டிய மரவள்ளிக்கு ஆப்பிரிக்காவில் வேறொரு முகம் உண்டு. கசாவா என்ற பெயரில் அது அங்கே கோடிக்கணக்கானோரின் அன்றாட உணவு. உலகிலேயே அதை மிகுதியாக விளைவிக்கும் நாடு நைஜீரியா. தோண்டி எடுத்த இரண்டு மூன்று நாளில் உட்புறம் கறுத்துக் கெட்டுவிடும் கிழங்கு அது. அத்துடன், சயனைடு விஷத்தைத் தரக்கூடிய ஒரு பொருளும் அதில் இருக்கிறது. மேற்காப்பிரிக்கப் பெண்கள் கிழங்கைத் துருவி, சாக்கில் கட்டிப் பாரம் ஏற்றிப் புளிக்கவிட்டு, வறுத்துக் காரி என்ற உலர்ந்த குருணையாக்குகிறார்கள். துருவும்போது கிழங்கின் உயிரணுக்கள் உடைந்து, அதிலேயே உள்ள என்சைம் அந்தப் பொருளைச் சிதைக்க, விஷவாயு ஆவியாகப் பறந்துவிடுகிறது. மூன்று நாளில் அழுகும் பொருள் பல மாதம் தாங்கும் பொருளாக ஊரிலேயே மாறுகிறது. கையால் துருவிய வேலையைச் சிறு மோட்டார் துருவி ஏற்றுக்கொண்டதுதான் அந்தச் சங்கிலியில் நிகழ்ந்த பெரிய மாறுதல்.

தட்டைப்பயறின் கதை இன்னும் ரசமானது. பயறின்மேல் முட்டையிட்டு, புழுப் பருவத்தில் உள்ளே துளைக்கும் வண்டு சில மாதத்தில் மூட்டையையே மாவாக்கிவிடும். அதற்கு அஞ்சிய விவசாயி அறுவடை நாளிலேயே, விலை அடிமட்டத்தில் இருக்கும்போது, விற்றுத் தீர்க்கிறார். அமெரிக்காவிலுள்ள பர்டியூ பல்கலைக்கழகத்தின் லாரி மர்டாக்கும் அவர் தோழர்களும் 1980-களின் இறுதியில் காமரூனில் தொடங்கிய ஆராய்ச்சியின் பலனாக ஒரு பை பிறந்தது: இரண்டு பிளாஸ்டிக் பைகள் ஒன்றினுள் ஒன்றாக, அவற்றுக்கு வெளியே சாதாரணச் சாக்கு. வாயை இறுக்கிக் கட்டியதும், உள்ளிருக்கும் வண்டுகள் சுவாசித்தே பிராண வாயுவைத் தீர்த்துவிடுகின்றன. உலர்ந்த பயறில் வாழும் அந்தப் பிராணிக்குத் தண்ணீர் கிடைப்பதும் சுவாசத்தில் பிறக்கும் நீரிலிருந்துதான். பிராண வாயு குறைந்ததும் நீரும் நின்று, அது தாகத்தால் மடிகிறது. மருந்தில்லை, விஷமில்லை. நம் ஊரில் துவரையைச் செம்மண் குழைத்துப் பூசி உலர்த்திக் குதிரில் இட்ட வழக்கமும் மருந்தின்றி வண்டைத் தடுக்கும் இதே நோக்கம் கொண்டதே. சேமிக்கத் தெரிந்த விவசாயிக்கு விலை ஏறும்வரை காத்திருக்கும் தைரியம் வருகிறது. அந்தத் தைரியம் சந்தையில் அவர் பேச்சுக்கு வலிமை தருகிறது.

யந்திரமும் குளிரறையும் தனி ஒருவர் வாங்கக்கூடியவை அல்ல என்பதால், பலர் கூடி வாங்க ஓர் அமைப்பு வேண்டும். 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் உற்பத்தியாளர் கம்பெனிகளுக்குச் சட்டம் இடம் தந்தது. 2020-இல் மத்திய அரசு பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உண்டாக்கத் திட்டமிட்டது. பதிவுச் சான்றிதழால் மட்டும் காரியம் ஆகிவிடாது. விதைப்புக் காலத்தில் மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கிய விவசாயி, விளைந்ததை அவரிடமே கொடுக்கக் கடமைப்பட்டவர். அந்த முன்பணத்துக்கு மாற்றாகத் தக்க வட்டியில் கடனும், சரக்கு வந்த அன்றே கையில் பணமும் கொடுக்க முடியாத சங்கம் எத்தனை நல்ல நோக்கத்தோடு தொடங்கினாலும் நிலைக்காது என்பது என் உறுதியான கருத்து.

மறுபடியும் பெருங்குடிக்கு வருவோம். 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் குப்பைமேட்டில் தீப்பற்றிப் பல நாள் புகைந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் நிலமாக அங்கீகாரம் பெற்றதும் அதே ஆண்டில்தான். தீக்கு இரை என்ன? காற்றுப் புகாமல் அடியில் அமுங்கிய ஈரக் கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை, பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப்போல் இருபத்தைந்து மடங்குக்கு மேற்பட்டது, எளிதில் எரியக்கூடியதுங்கூட. நம் தக்காளியின் எட்டாவது பெட்டி இப்படிப் புகையாகவும் திரும்பி வருகிறது.

புகையைவிட எனக்கு அதிக வேதனை தருவது கண்ணுக்குத் தெரியாத மற்றொரு நஷ்டம். மரவள்ளியும் வாழையும் காய்கறிகளும் மண்ணிலிருந்து சாம்பல் சத்தை, அதாவது பொட்டாசியத்தை, மிகுதியாக எடுப்பவை. பொட்டாஷ் உரத்துக்கான சுரங்கம் நம் நாட்டில் இல்லை. பயிருக்கு இடும் மூரியேட் ஆப் பொட்டாஷ் முழுவதையும் கப்பலில் வரவழைக்கிறோம். வெளிநாட்டுச் சுரங்கத்தில் வெட்டி, கடல் கடந்து, மானியம் கொடுத்து, மாட்டுவண்டியிலும் லாரியிலும் ஏற்றி, சிறு விவசாயியின் வயலில் தூவிய அந்த உப்பு, காயாகி, கோயம்பேடு வந்து, தள்ளுவண்டியில் தெருவுக்கு வந்து, தோலாகச் சீவப்பட்டு, இந்தச் சதுப்பில் புதைகிறது. மழைநீரில் கரைந்து நாரை நிற்கும் நீரில் கலக்கிறது. மறு ஆண்டு மறுபடியும் கப்பல். வயலின் செல்வத்தை ஒரு வழியாக மட்டும் நகரத்துக்கு இழுத்துத் திருப்பி அனுப்பாத சங்கிலி, விலை எவ்வளவு நியாயமாக இருந்தாலும், நிலைத்த சங்கிலி ஆகாது.

திருப்பி அனுப்புவது இயலாத காரியமன்று. காய்கறிக் கழிவுக்குக் காற்றும் அளவான ஈரமும் கிடைக்கும்படி, உலர்ந்த சருகோடு கலந்து குவித்தால், அதே நுண்ணுயிர் உலகம் மீத்தேனுக்குப் பதிலாக எருவைத் தரும். குவியலின் நடுவே அறுபது டிகிரி வரை சூடு ஏறி, நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் மாளும். மாநகராட்சி பல இடங்களில் சிறு உரக்கூடங்களை அமைத்திருக்கிறது. ஆனால் பிளாஸ்டிக்கும் உடைந்த கண்ணாடியும் பாட்டரியும் கலந்த ஈரக் கழிவிலிருந்து வயலுக்கு ஏற்ற எரு கிடைக்காது. ஈயமும் காட்மியமும் கலந்த மண்ணை எந்த விவசாயியும் தம் நிலத்தில் ஏற்க மாட்டார், ஏற்கவும் கூடாது. கலப்பதற்கு முன் பிரிக்க வேண்டும். தக்காளியின் சூட்டை வயலில் இறக்கவேண்டும் என்பதும், சாமையின் உமியை மலையில் நீக்கவேண்டும் என்பதும், கழிவைச் சமையலறையிலேயே பிரிக்கவேண்டும் என்பதும் ஒரே விதியின் மூன்று உருவங்கள். பிறந்த இடத்தில் கால் மணி நேரத்தில் ஆகும் காரியம், பெருங்குடி மேட்டில் யந்திரங்களைக் கொண்டு அகழ்ந்தால் ஆண்டுக்கணக்கில் ஆகிறது. அதை நாம் இப்போது கண்ணாரக் காண்கிறோம்.

இந்த நீண்ட சங்கிலியில் நகரவாசியின் கைக்கு எட்டும் கண்ணி அது ஒன்றே. இதை வாசிக்கும் அன்பர்கள் நாளைக் காலையில் வெண்டைக்காயின் காம்பையும் வாழைக்காயின் தோலையும் பச்சைக் கூடையில் தனியே இட்டு, அதில் ஒரு பிளாஸ்டிக் உறைகூட விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மிகவும் வேண்டிக்கொள்கிறேன்.